சொல்லாமற் சொல்லும் கலை

தாவரவியல் படிப்பவனுக்கு இலத்தீன் இலக்கியத்தின் அணிகளோடு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். பழியை லின்னேயஸ் பெருமகனார்மீது போட்டுவிடுகிறேன். 1753இல் வெளியான தம் நூலில் செடிகளுக்கெல்லாம் இரு சொற் பெயர் சூட்டி எங்களை இந்த வழிக்கு இழுத்துவிட்டவர் அவரே. 1935 முதல் 2011 முடிய, புதுச் செடி ஒன்றை இலத்தீனில் விவரித்தால்தான் அதன் பெயர் செல்லும் என்ற விதியும் இருந்தது. 2012 ஜனவரியிலிருந்து ஆங்கிலமும் போதும். ஆயினும் ஹெர்பேரியத்தில் பழைய தாள்களைப் புரட்டுகிறவனை இலத்தீன் விடுவதாயில்லை.

இந்தத் தாவர இலத்தீனில் வினைச்சொல்லுக்குப் பெரும்பாலும் இடமில்லை. இலை இன்ன வடிவு, காம்பு இன்ன நீளம், இதழ் ஐந்து. பெயரும் அடையுமாகவே போகும். இதிலேயே பழகிய கண்ணுக்குக் கத்துல்லஸ் என்ற கவிஞரின் 85ஆம் பாட்டு ஒரு நாள் அகப்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டினர். பாட்டு இரண்டே அடி, 14 சொற்கள். அறிவியல் மாணவன் எண்ணாமல் இருப்பானா? எண்ணினேன். எட்டு வினைகள்! ஒரு சுட்டுப்பெயரை நீக்கினால் பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை, அடைமொழியும் இல்லை. காதலும் வெறுப்பும் ஒருங்கே வாட்டும் நெஞ்சுக்கு வருணனை எதற்கு? துடிப்பு மட்டும் போதும் என்று விட்டுவிட்டார் போலும்.

அன்றிலிருந்து அணிகளைத் தேடித் தேடிப் படிக்கலானேன். குயின்டிலியன் என்ற ஆசிரியர் 12 பாகங்களில் எழுதிய பேச்சுக்கலை நூலில் எட்டாம், ஒன்பதாம் பாகங்கள் இவற்றுக்கே முக்கிய இடம் தருகின்றன. என்னை மிகவும் வியக்க வைத்தது சொற்களைப் பிரித்து வைக்கும் அணி. தமிழில் 'சிவந்த' என்பதை அடியின் தலையிலும் 'மலர்' என்பதைக் கடையிலும் வைத்துப் பாருங்கள். இடையில் எந்தப் பெயர் வந்தாலும் அந்தச் 'சிவந்த' அதைப் போய்ப் பற்றிக்கொள்ளும். நம்மிடமும் கொண்டுகூட்டு உண்டு. நன்னூல் பொருள்கோள் எட்டு என்று கணக்கே சொல்கிறது. ஆனால் அங்கே உரையாசிரியர் கை கொடுக்க வேண்டும். இலத்தீனிலோ அடைமொழியும் தன் பெயருக்குரிய பால், எண், வேற்றுமை மூன்றையும் உடுத்திக்கொண்டு நிற்பதால், நடுவே நாலு சொல் வந்தாலும் தன் துணையை இனங்கண்டுகொள்ளும். வர்ஜில் இதில் மன்னர். (அவர் காவியத்தின் எட்டாம் காண்டத்தில் ஓர் அடி முழுவதும் குதிரைக் குளம்பொலியாகவே ஓடுகிறது. பொருள் தெரியாதவரும் வாய்விட்டுப் படிக்கலாம்.)

எதிர்மறையால் உடன்பாட்டை உணர்த்தும் அணி ஒன்றுண்டு, லிட்டோட்டீஸ் என்பர். 'சிலர்' என்று சொல்ல இலத்தீன்காரர்கள் 'ஒருவருமில்லாமலில்லை' என்ற பொருள்படும் சொல்லை வழங்குவார்கள். நம் வீடுகளில் இது அன்றாட வழக்கு. சென்ற கார்த்திகையில் தொலைபேசியில் என் தந்தையார், "உடம்புக்கு ஒன்றும் மோசமில்லையப்பா" என்றார். அவர் நன்றாக இருக்கும் நாளில் உடம்பைப் பற்றிப் பேசவே மாட்டார். 'மோசம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? அன்றிரவே தில்லியிலிருந்து ரயில் ஏறினேன். ஊர் போய்ச் சேர்ந்தபோது அவர் இருதய நோய்ப் பிரிவில் படுத்திருந்தார். இப்போது எழுந்து நடமாடுகிறார்.

இனி அம்மாவின் அணி. சிசெரோ கி.மு. 63இல் கட்டிலினாவை எதிர்த்துப் பேசிய முதற்பேச்சில், "இதை விட்டுவிடுகிறேன், அதைக் கூறப்போவதில்லை" என்ற பாங்கிலே ஒவ்வொன்றையும் கூறி முடித்துவிடுவார். பிரைதெரிதியோ என்பது அதன் பெயர். அந்த நாவன்மைதான் கடைசியில் அவரைப் பலிகொண்டது; கி.மு. 43இல் அந்தோணியின் ஆட்கள் அவரைக் கொன்று, தலையையும் கையையும் அவர் பேசிய அதே மேடையில் வைத்தார்கள். அம்மாவுக்குச் சிசெரோவைத் தெரியாது. நான் தில்லிக்குத் திரும்பிய மறுவாரம் அவர் சொன்னது இது: "ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆயிற்று என்று உன்னிடம் சொல்லமாட்டேன். அண்ணன் நகையை அடகு வைத்ததையும் சொல்லப்போவதில்லை. நீ பாட்டுக்குப் படி. ஆராய்ச்சிக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆகுமாமே, அதையும் நான் கேட்கவில்லை."

சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. "சரி அம்மா" என்று மட்டும் சொன்னேன். பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போடுவதற்குள் கையில் எவ்வளவு சேரும் என்பதைப் பொறுத்து மற்றதைப் பார்க்கவேண்டும். வீட்டில் இதைச் சொல்லவில்லை.