அஞ்சு மரம், ரெண்டு கயிறு

2023 டிசம்பரில் யுனெஸ்கோ குஜராத்தின் கர்பா நடனத்தைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. அதே கூட்டத்தில் அதே பட்டியலில் இன்னொன்றும் ஏறியது. கிரனடா நாட்டின் கேரியகூ, பெட்டிட் மார்டினிக் என்ற இரண்டு குட்டி கரீபியன் தீவுகளில் மரப்படகு கட்டும் தொழில். அதை இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை.

எனக்கும் தெரிந்திருக்காது. சரக்குக் கப்பலில் இஞ்சினியராக இருக்கும் நண்பர் ஒருவர், விடுப்பில் கூட்டாளிகளோடு தனியார் பாய்ப்படகு ஒன்றில் கேரியகூவுக்குப் போய் வந்து படங்களை அனுப்பினார். விண்ட்வர்ட் என்ற கிராமத்தில் வெறும் மணலில் படகு கட்டுகிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய தச்சர்களின் வழியில் வந்த தொழில் அது. 1965 முதல் அங்கே பாய்ப்படகுப் பந்தயம் நடக்கிறது. "நம்ம கரையில மரம் கட்டத் தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க. எங்க மாமாவைப் போய்ப் பாரு" என்று எழுதியிருந்தார் நண்பர். அவருடைய சொந்த ஊர் மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ஒரு குப்பம்.

நான் போனபோது கரை முழுக்க ஃபைபர் படகுகள்தான். பெரியவர் சவுக்கு நிழலில் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுமரம் எங்கே என்று கேட்டேன். "அதோ காயுது பாருங்க தம்பி" என்று கையைக் காட்டினார். ஐந்து மரத்துண்டுகள் மணலில் தனித்தனியாகக் கிடந்தன. இதுவா படகு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கட்டுமரம் கடலுக்குப் போய் வந்ததும் அதை அவிழ்த்துவிட வேண்டும். மரம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருக்கும். அவிழ்த்தால்தான் காயும், இரண்டு பேர் தோளில் ஒவ்வொன்றாகத் தூக்கி மேட்டில் போடவும் முடியும். துறைமுகமோ படகுத்துறையோ இல்லாத, அலை நேராக வந்து மோதும் இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் எது? ஓட்டை விழ அதில் குழியே இல்லை. அலை ஏறினால் மரங்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் முழுகாது, புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம்.

பேரனை அதட்டிக் கூப்பிட்டு எனக்காகக் கட்டிக் காட்டினார். பெரிய மரம் நடுவில், கொஞ்சம் தாழ்ந்து. அதன் இரு பக்கமும் மற்றவை சற்று உயர்ந்து வரும். மரங்களின் குறுக்கே கட்டை வைத்து, முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. ஆணி கிடையாது. குதிகாலை மரத்தில் ஊன்றிக் கயிற்றை இழுக்கும்போது அவருடைய கெண்டைக்கால் நரம்பு புடைத்தது. பேரன் இழுத்த பக்கம் அதிகமாக இறுகிவிட்டது போல. அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். "இம்மாம் இறுக்கினா அலையில ஒடஞ்சிடும்டா. கொஞ்சம் அசஞ்சு குடுக்கணும்." கயிறு காலகாலமாக உரசி உரசி மரத்தில் விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. புதுக்கயிறு தானாகவே அதில் போய் உட்கார்ந்தது.

பிறகு மரம் செதுக்கும் வாய்ச்சியை எடுத்து வந்தார். அதன் பிறகு அவர் பேச்சு அதை விட்டு நகரவே இல்லை. அவர் அப்பாவின் வாய்ச்சி. தீட்டித் தீட்டி அலகு பாதியாகக் குறைந்துவிட்டது, பிடி எத்தனையோ முறை மாறிவிட்டது. மரத்தின் இரு பக்கமும் கால் வைத்து நின்று, தன் பாதத்தை நோக்கியே வெட்டிக்கொண்டு போக வேண்டும். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, மேல்நோக்கி வளைந்தாற்போல் செதுக்குவதுதான் வேலையின் உயிர். அளவுகோல், வரைபடம் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் செதுக்கி, பத்தடி தள்ளிப் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்து, திரும்பி வந்து இன்னும் ஒரு சீவல். அப்படி ஒரு சீவல் எடுத்து என் கையில் கொடுத்தார். அப்பளம் போல் இருந்தது. இந்த வாய்ச்சி தேய்ந்துபோனால் இன்னொன்று அடித்துத் தரக் கொல்லரும் இப்போது பக்கத்தில் இல்லை என்றார்.

பாய் கட்டும் கணக்கையும் விளக்கினார். எந்தக் கயிறு எந்தக் காற்றுக்கு என்பது எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன். புரிந்தது இவ்வளவுதான்: விடியுமுன் தரையிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்து வெளியே போவார்கள். வெயில் ஏறியதும் கடலிலிருந்து திரும்பும் காற்றில் கரைக்கு வருவார்கள். பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகாமலிருக்க மரங்களின் இடுக்கில் ஒரு பலகையைச் செருகுவார்கள். திருப்புவதற்குத் துடுப்பு. நீரோட்டம் தெற்கிலிருந்து ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து ஓடினால் வன்னி. வலை போடுமுன் இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும். திரும்பி வர அடையாளம் கடற்கரைக் கோயிலும் கழுக்குன்றத்து மலையும். "காத்துக்குக் காசு கேக்கறவன் இல்ல, தம்பி" என்றார் பெரியவர். இஞ்சின் படகு வைத்திருக்கும் பேரன் சிரித்துக்கொண்டான்.

சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். 1697இல் வெளிவந்த பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி டாம்பியர் இந்தக் கரையின் கட்டுமரத்தைக் குறித்திருக்கிறார். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது இதையும் விரிவாக ஆராய்ந்தார். உலகம் முழுவதும் உல்லாசப் படகுகள் அதன் பெயரைச் சுமக்கின்றன என்ற பெருமையைப் பேசிப் பேசித் தேய்த்துவிட்டோம். அதை விடுவோம்.

அழிவு ஒரே நாளில் வரவில்லை. லேசான மரம் கேரளத்திலிருந்து லாரியில் வர வேண்டியிருந்தது, விலை ஏறியது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐநா உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் வந்து இறங்கக்கூடிய புதுப் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. 2004 சுனாமி கட்டுமரங்களை அடித்துக்கொண்டு போன பின், நிவாரணமாக வந்து குவிந்தவை ஃபைபர் படகுகள். கொடுத்தவர்களின் நல்ல மனதைக் குறை சொல்ல மாட்டேன். வேகமும் தூரமும் ஃபைபரில் கூடுதல் என்பதும் உண்மை. பேரனைப் பாய் விரித்துப் பிழைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். கட்டுமரக்காரனின் கலம் அவனுடையது. ஃபைபர் படகு, இஞ்சின், வலை, எரிபொருள் எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். வங்கி தயங்கும் இடத்தில் ஏலக்காரர் சிரித்த முகத்தோடு நிற்கிறார். வட்டி வேண்டாம் என்பார். மீனை மட்டும் தன்னிடமே போட வேண்டும் என்பார். ஒவ்வொரு ஏலத்திலும் கமிஷன் பிடிப்பார், அது அசலில் கழியாது. அசல் அப்படியே நிற்கும், அது நிற்கும் வரை மீன் அவருடையது. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவனுக்குத் தன் வஞ்சிரத்துக்கு விலை சொல்லும் உரிமை இல்லை. நனையாத காலோடு கரையில் நிற்பவருக்கு உண்டு! இதற்குப் பெயர் வியாபாரம் என்றால், கொத்தடிமைக்கு என்ன பெயர்? கூட்டுறவுச் சங்கங்கள் முன்பணம் தரும் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தச் சிரித்த முகங்களுக்குக் கரையில் இடமிருந்திருக்காது.

மாமல்லபுரம் கல்லுக்குக் கொடுத்ததை நினைத்துப் பார்த்தேன். 1957இலேயே சிற்பப் பயிற்சிக்கு அரசு நிறுவனம் வந்தது. 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். 2017இல் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு. எல்லாம் தகும். அதே ஊர்க் கரையில், அதே போல் கண்ணளவில் செதுக்கும் வாய்ச்சிக்கு ஒன்றுமில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு கட்டுமரத்தைக் கட்டி வைத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். போதாது. அவிழ்த்துக் கட்டப்படாத கட்டுமரம் விறகு.

கேரியகூவில் அந்தத் தொழிலுக்குப் பந்தயம் ஒரு பெரிய பிடிமானம். ஓட ஒரு பந்தயம் இருந்தால்தான் புதுப் படகு கேட்க ஆள் இருக்கும். நம்மிடமும் முன்மாதிரி உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள், ஊரே கரையில் திரள்கிறது. 2022இல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பன்னாட்டுப் பட்டத் திருவிழாவை நடத்திய சுற்றுலாத் துறைக்கு, அதே காற்றில் பாய் விரிக்க ஒரு நாள் ஒதுக்குவது பெரிய காரியமில்லை. செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை உள்ள குப்பங்களைக் கூப்பிடட்டும். போட்டிக்கு வரும் மரம் அந்த வருஷம் அந்தந்தக் குப்பத்திலேயே கட்டியதாக இருக்கட்டும். ஓட்டியவனுக்குத் தரும் அதே தொகையைக் கட்டியவருக்கும் கொடுங்கள். பரிசுப் பணத்துக்கு ஏலக்காரரிடம் மட்டும் நன்கொடை வாங்காதீர்கள்.