அடுத்த பாத்திக்கு எப்போது?
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

"மரக்காணத்துக்காரனுக்கும் பியானோவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று விடுதியில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. சம்பந்தம் ஒன்றும் இல்லைதான். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பளம். தை பிறந்ததிலிருந்து மழை இறங்கும் வரை அப்பாவும் அம்மாவும் அங்கேதான். ஆனால் ஒன்று. மரக்காணம்தான் சங்க காலத்து எயிற்பட்டினம் என்கிறார்கள் அறிஞர்கள். சிறுபாணாற்றுப்படையில் சின்ன யாழைச் சுமந்துகொண்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகிற பாணர்களின் வழியில் அந்தப் பட்டினமும் வருகிறது. ஆகவே வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரில் அலைந்த முதல் ஆள் நான் இல்லை என்று பதில் சொல்லிவிடுவேன்!

உண்மையில் என்னிடம் இருப்பது பியானோவும் இல்லை. பியானோவுக்கு 88 கட்டை. என்னுடையது 61 கட்டை உள்ள பழைய கேசியோ கீபோர்டு. கச்சேரிக்குப் போகிற மாமா ஒருவர் புதிது வாங்கியபோது இதை எங்களுக்கு விற்றார். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தது. அந்தப் பணம் வீட்டுக் கூரை மாற்றுவதற்காகச் சேர்த்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வாங்கியாகிவிட்டது. சொல்லித்தர ஆள்? திண்டிவனமோ புதுச்சேரியோ போக வேண்டும். பஸ் காசையும் ஃபீஸையும் கூட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். செல்போன் வீடியோ, மாமா கொடுத்த இரண்டு புத்தகம், இவைதான் குரு.

தானே கற்கிறவனுக்கு விரல் வலி பெரிய கஷ்டமே இல்லை நண்பர்களே. தினமும் உட்கார்ந்தவுடன் வருகிற கேள்விதான் கஷ்டம்: இன்றைக்கு எதை வாசிப்பது? ஆசிரியர் இருந்தால் "போதும், அடுத்ததை எடு" என்பார். அல்லது "இது இன்னும் வரலை, திரும்ப வாசி" என்பார். நமக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

முதலில் ஹானன் புத்தகத்தைப் பிடித்தேன். 1873-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வெளியிட்டது, 60 பயிற்சிகள். ஒரு மாதம் அதையே உருட்டியதில் விரல் ஓடியது, பாட்டு ஒன்றுகூட வரவில்லை. அலுத்துப்போய் சினிமாப் பாட்டுக்குத் தாவினேன். பல்லவி வந்தவுடன் ஒரு குஷி. சரணம் சிரமமாக இருக்கும், உடனே வேறு பாட்டு. இப்படி பதினோரு பாட்டு சேர்ந்தது. பதினொன்றுக்கும் பல்லவி மட்டும்தான்.

அது சந்தி சிரித்தது ஆடித் திருவிழாவில். மெல்லிசைக் குழுவில் கீபோர்டுக்காரர் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் இரண்டு நாள் வாசித்துப் பார்த்துவிட்டு ஏறிவிட்டேன். பல்லவிக்குக் கைதட்டல்கூட வந்தது. சரணத்தில் இடது கை அப்படியே நின்றுவிட்டது. பாடியவர் திரும்பிப் பார்த்தார், கிதார்காரர் ஏதோ வாசித்துச் சமாளித்தார். அடுத்த பாட்டுக்கு என்னை இறங்கச் சொல்லிவிட்டார்கள். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை அளத்துக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் தண்ணியில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குழாயில் உள்ள கோடுகள் மட்டும் தெரியும். "என்னாடா, பாதியிலேயே எறங்கிட்டியாமே" என்றார். எது வாசித்தாலும் பாதியோடு நிற்கிறது, எதை முடிப்பது எதை விடுவது என்றே தெரியவில்லைப்பா என்றேன்.

அவர் குழாயைத் தூக்கிக் காட்டினார். கடல் தண்ணி சுமார் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் முற்றவிட்டு 25 வந்தால்தான் உப்பு படியும். "அதுக்கு முன்னாடி உப்புப் பாத்தியில வுட்டா சுண்ணாம்புதான்டா படியும். அதுக்காக அப்படியே போட்டு வச்சாலும் ஆவாது. 30 கிட்ட போச்சுன்னா கசப்பு எறங்கிடும், அந்தத் தண்ணிய வெளியே வுட்டுடணும்." சொல்லிவிட்டு சோற்றுத் தூக்கைத் திறந்தார்.

சுண்ணாம்பு எனக்கு உடனே புரிந்தது. ஃபிட்டிங் ஷாப்பில் பக்கம் சமமாகாமல் மார்க்கிங் போட்டு நாம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அதேதானே! கசப்புதான் யோசிக்க வைத்தது. நன்றாக வருகிற பல்லவியையே தினமும் அரைமணி நேரம் வாசித்து எனக்கே சலித்துப்போயிருந்தது. அதற்கும் பயிற்சி என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். பாட்டின் பெயர் எழுதுவதில்லை. கை நின்ற இடத்தை எழுதுவேன். மறுநாள் முதல் வேலை அந்த இடம்தான். முதலில் இடது கை மட்டும், பிறகு வலது, பிறகு இரண்டும், ஆமை வேகத்தில். மூன்று நாள் தொடர்ந்து தட்டாமல் வந்தால் அடித்துவிட்டு அடுத்தது. ஒரு வாரமாகியும் வராவிட்டால் அது எனக்கு இன்னும் முற்றாத தண்ணி. அதைவிட எளிதான ஒன்றைத் தேடுவேன். லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுக்கான பாடத்திட்டம் இங்கே உதவியது. பரீட்சை எழுத வசதியில்லை, ஆனால் முதல் நிலையிலிருந்து எட்டாம் கிரேடு வரை எது எளிது எது கடினம் என்று அவர்கள் வரிசைப்படுத்தியதைப் பார்க்கக் காசு வேண்டாமே. இளையராஜாவை நினைத்துக்கொள்வேன். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்தவர், சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டு, அதே டிரினிட்டியின் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். அவருக்கு ஒரு மாஸ்டர் கிடைத்தார். எனக்கு நோட்டு.

இப்போது நோட்டில் இருப்பது ஜி மேஜர் மினுவெட். பாக் எழுதியது என்றே உலகம் ரொம்ப நாள் நம்பியது. உண்மையில் பெட்சோல்ட் என்பவர் எழுதியது. மொத்தமே 32 அளவுகள். இரண்டாம் பாதியில் புதிதாக ஒரு கறுப்புக் கட்டை வரும், சி ஷார்ப். அங்கே மட்டும் பத்தொன்பது நாள் நின்றேன். ஒரு வாரக் கணக்கை மீறிவிட்டேன்தான். விட மனசு வரவில்லை. அதற்கிடையில் கணிதத்தில் அரியர் வேறு. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த வரியில் நின்றேன் என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். ரிசல்ட் வரட்டும், பிறகு பேசலாம்.

கார்த்திகை மழையில் அளம் மூடியிருந்தது. லீவில் ஊருக்குப் போயிருந்தேன். கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. ஒரு இடத்தில் அம்மா குண்டான் வைத்தது. இன்னொரு இடம் நேராக கீபோர்டுக்கு மேலே. அப்பா உப்பு மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து ஒரு முனையை விட்டத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டார். "வாசி" என்றார். முதல் பாதி வாசித்து முடித்து நிறுத்தினேன். "அவ்வளவுதானா?" என்றது அம்மா. இரண்டாம் பாதிக்குக் கையை வைத்தேன்.