லேக் வியூ வேண்டாம்!

ஏற்காட்டில் ரூம் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் கண்ணில் படுவது 'லேக் வியூ' என்ற இரண்டு வார்த்தைதான். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியுமாம். அதற்காகவே வாடகை கொஞ்சம் கூடும். மே மாதம் கோடை விழா சமயத்தில் கேட்கவே வேண்டாம். எல்லோரும் காசு கூடக் கொடுத்து வாங்கும் அந்த ஏரியை, திருப்பூரில் ஒரு அம்மா மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார்.

அவர் பையனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேச்சு இன்னும் வரவில்லை. தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். வாளியோ, வாய்க்காலோ, கண்டால் ஓடிவிடுவான். ஆழம், ஆபத்து எதுவும் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டான். அவனை வைத்துக்கொண்டு எங்கே போவது என்றே அந்தக் குடும்பம் இரண்டு வருஷமாக எங்கும் போகவில்லை. நாலாவது படிக்கும் மூத்த பெண் ஒரு நாள், "லீவுக்கு எல்லாரும் எங்கயாச்சும் போறாங்கம்மா" என்றாள். கோபமாகக் கூட இல்லை, சும்மா சொன்னாள். அதுதான் அம்மாவைத் தூங்க விடவில்லை. இரண்டு நாள் ஏற்காடு என்று முடிவானது.

இந்த அம்மா ரொம்பத்தான் பயப்படுகிறாரோ என்று தோன்றலாம். அமெரிக்காவில் 1,218 ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்டு, 2012-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. நாலு வயதுக்கு மேல் ஒரு தடவையாவது பாதுகாப்பான இடத்தை விட்டுத் தனியாக வெளியேற முயன்ற குழந்தைகள் 49 சதவீதம். அப்படிக் காணாமல் போன குழந்தைகளில் 24 சதவீதம் பேர் தண்ணீரில் மூழ்கும் ஆபத்தில் இருந்ததாகப் பெற்றோரே சொன்னார்கள். வீட்டில் எந்தக் கதவு எப்படிப் பூட்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். புது இடத்தில்? அங்கேதான் சிக்கலே.

போன் போட ஆரம்பித்தார். முதல் இடத்தில், "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்லை மேடம், எல்லா வசதியும் இருக்கு" என்றார்கள். என்ன வசதி என்று கேட்டால் லிஃப்ட், சாய்தளம், வீல்சேர். ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு வீல்சேர் எதற்குங்க? இரண்டாவது இடத்தில், "பையன் கத்துவானா? பக்கத்து ரூம்காரங்க கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்களே" என்று இழுத்தார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாட்டைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் சட்டம் பேசி வாங்கிய ரூமில் நிம்மதியாகப் படுக்க முடியுமா? போனை வைத்துவிட்டார்.

அப்புறம் கேள்வியை மாற்றினார். "ஆட்டிசம் குழந்தைக்கு வசதி இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதனால் இப்படிக் கேட்டார்:

"ரூம் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் இருக்கா? எவ்வளவு உயரத்தில்?"

"பாத்ரூமுக்கு உள் தாழ்ப்பாள் எங்கே இருக்கு? அவன் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா?"

"ஜன்னலுக்குக் கம்பி உண்டா? பால்கனி கைப்பிடி என்ன உயரம்? பக்கத்தில் நாற்காலி கிடக்கிறதா?"

"நீச்சல் குளம், கிணறு, தண்ணீர்த் தொட்டி ஏதாவது இருக்கா? மூடி இருக்கா?"

"கேட் எப்போதும் சாத்தியிருக்குமா? பின்பக்கம் வேலி உண்டா, சரிவா?"

"சனிக்கிழமை ராத்திரி கேம்ப் ஃபயர், பாட்டு, மைக் செட் உண்டா? ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கு?"

கடைசிக் கேள்வி சொகுசுக்காக இல்லை. சத்தம் தாங்க முடியாமல் தப்பித்து ஓடும் குழந்தைகளும் உண்டு. அதுவும் பாதுகாப்புக் கேள்விதான்.

இதில் ஒரு வேடிக்கை. அதிக வாடகை கேட்ட ரிசார்ட்டின் கதவு கார்டு போட்டுத் திறக்கும் கதவு. வெளியிலிருந்து யாரும் வர முடியாது. உள்ளே இருந்து? கைப்பிடியை அமுக்கினால் போதும், திறந்துவிடும். தீ விபத்து நேரத்தில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஐந்து வயதுப் பையனுக்கும் அது ஒரே அமுக்குத்தான். பழைய வீட்டு மரக்கதவில் உச்சியில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருக்குமே, அது அவனுக்கு எட்டாது. பெரியவர்களுக்கு ஒரு நொடியில் கைக்கு வரும். பூட்டுப் போட்டுச் சாவியை ஒளித்து வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆடிட்டிங் பேப்பரில் 'வவுச்சிங்' என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? வாய்வார்த்தையை நம்பாதே, ஆதாரத்தைக் காட்டச் சொல். இந்த அம்மா பி.காம். படித்தவர் இல்லை. ஆனால் ஏரியிலிருந்து தள்ளி, ஒரு குடும்பம் கீழே குடியிருந்து மாடியை வாடகைக்கு விடும் வீட்டைப் பிடித்து, வீடியோ காலில் கதவு, ஜன்னல், மொட்டைமாடிப் படி, தொட்டி மூடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். அந்த வீட்டம்மா சலித்துக்கொள்ளாமல் காட்டினார். மொட்டைமாடிக் கதவைப் பூட்டி வைப்பதாகவும் சொன்னார். ரூம் அங்கேயே முடிவானது.

பாதி வேலைதான் முடிந்தது. அந்த வீட்டுப் போட்டோக்களை வாங்கி, கட்டில், ஜன்னல், பாத்ரூம் என்று வரிசையாக ஒட்டி, பத்து நாள் பையனிடம் காட்டினார்கள். முன்பே தெரிந்த இடத்துக்குப் போவது போல அவனுக்கு இருக்க வேண்டும். நடுவில் ஒரு ராத்திரி சித்தி வீட்டில் படுத்து ஒத்திகை. பையில் அவனுடைய போர்வை, தட்டு, தினமும் சாப்பிடும் அதே பிஸ்கட். சட்டையின் உள்பக்கம் அப்பா போன் நம்பர். கதவுக் கைப்பிடியில் கட்ட ஒரு சலங்கை. கதவு அசைந்தால் சத்தம் வரும், செலவும் இல்லை. போன உடனே அவனுடைய புதுப் போட்டோ ஒன்று எடுத்துக்கொண்டார்கள். காணாமல் போனால் என்ன சட்டை போட்டிருந்தான் என்று யோசித்து நிற்க நேரம் இருக்காது. 112, 1098 இரண்டு எண்களும் போனில் ஏறின.

போனது எப்படி இருந்தது? இருபது கொண்டை ஊசி வளைவில் இரண்டு முறை வாந்தி. முதல் ராத்திரி அவன் இரண்டு மணி வரை தூங்கவில்லை. அப்பாவும் அம்மாவும் முறை வைத்து விழித்திருந்தார்கள். மறுநாள் அப்பாவும் பெண்ணும் படகில் போனார்கள். வீட்டம்மா முற்றத்தில் அரை வாளித் தண்ணீரும் ஒரு மக்கும் வைத்துக் கொடுத்தார். அம்மா கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொள்ள, பையன் ஒரு மணி நேரம் மொண்டு மொண்டு ஊற்றினான். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் அப்பாவோடு தனியாக வெளியே போனது அதுதான் முதல் தடவை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. இன்னொரு பிள்ளைக்குத் தண்ணீர் பிரச்சனையே இல்லாமல், நாய் குரைப்போ டியூப்லைட்டோ பெரிய பிரச்சனையாக இருக்கலாம். அதனால் பொதுவான பட்டியல் ஒன்று போட்டு மாட்டிவிட முடியாது. கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் வைக்கலாம். ஒரு சனிக்கிழமை கேம்ப் ஃபயருக்கு வாங்கும் விறகுக் காசு கூட அதற்கு ஆகாது. லாப நஷ்டக் கணக்குப் பார்த்தாலும் சரிதான். நிம்மதியாகத் தூங்கிய குடும்பம் அடுத்த லீவுக்கும் அதே இடத்துக்குத்தானே வரும்?