சிங்கப்பூர்ப் பிரயாணமும் பெட்டியின் ஆயத்தமும்



மும்பை தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் குடியேறி வாழும் நம்முடைய தமிழ்க் குடும்பங்களுக்கு, பிரயாணம் என்றாலே ஒரு காலத்தில் கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்கு இரயில் ஏறுவதுதான். ஒரு பெட்டி, ஒரு தண்ணீர்க் கூஜா, இரண்டு வேளைக்குப் புளிச்சோறு, இவ்வளவே ஆயத்தம். மறந்துபோன பொருளை அடுத்த நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். இன்றோ பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். பேரப்பிள்ளையின் முகத்தைக் காண வயதுசென்ற தாயும் தகப்பனும் முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உதவியாகச் சில காரியங்களை எழுதுகிறேன்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒரு பாகை தூரத்தில் இருக்கும் சிறிய தீவு நாடு. அங்கே குளிர்காலம் என்று ஒன்றில்லை. வருஷம் முழுவதும் வெப்பமும் மழையும் உண்டு. ஆகவே பருத்தி ஆடைகளும் ஆளுக்கொரு குடையும் போதும். ஆனால் கடைகளிலும் இரயில்களிலும் குளிர்சாதனம் கடுமையாக இயங்கும் என்பதால், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை அவசியம். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. சாங்கி விமான நிலையத்திலேயே தமிழ் எழுத்துக்களைக் கண்டு நம் பெரியவர்கள் ஆறுதல் அடைவார்கள். அங்குள்ள நேரம் நம்முடைய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. மாத்திரை உட்கொள்ளும் வேளைகளை இதற்கேற்ப மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மின்சாரத்தைக் குறித்துப் பார்ப்போம். சிங்கப்பூரிலும் நம் நாட்டைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். ஆகையால் நம்முடைய சார்ஜர்கள் அங்கே தடையின்றி இயங்கும். வேறுபடுவது பிளக்கின் வடிவம் மாத்திரமே. நம்முடைய பிளக்கின் கால்கள் உருண்டையானவை. அங்குள்ளவை இங்கிலாந்தில் இருப்பதுபோல் மூன்று சதுரக் கால்கள் உடையவை. இதற்கு அடாப்டர் ஒன்று வேண்டும். வீட்டில் ஐந்து போன்கள் இருப்பதால் ஐந்து அடாப்டர்கள் வாங்க வேண்டியதில்லை. ஓர் அடாப்டரும், பல துளைகள் உள்ள தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் கொண்டுபோனால், எல்லாருடைய போன்களும் ஒரே இரவில் சார்ஜ் ஆகும். அதே பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியையோ தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலையோ மாட்டலாகாது. அவை இழுக்கும் மின்சாரம் மிகுதி, அடாப்டர் சூடேறி உருகிவிடக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ட்டை மாற்றாது. வழியில் ஜப்பானுக்கும் செல்லும் குடும்பமானால், அங்கே 100 வோல்ட்தான். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். 100 முதல் 240 வரை என்றிருந்தால் எந்த நாட்டிலும் உதவும். 230 என்று மாத்திரம் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பவர் பேங்க். இதை விமானத்தின் அடிப்பகுதிக்குப் போகும் செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். காரணம் இதுவே: லித்தியம் பேட்டரி பழுதுபட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். பயணிகள் இருக்கும் இடத்தில் புகை எழும்பினால் பணியாளர் உடனே கண்டு அணைப்பார்கள். சரக்கறையிலோ அதைப் பார்ப்பார் இல்லை. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், புறப்படவிருந்த விமானம் ஒன்றின் உள்ளே, தலைக்குமேல் பைகள் வைக்கும் இடத்தில் தீ மூண்டது. விமானத்தில் இருந்த 176 பேரும் உயிர் தப்பினர். தீக்குக் காரணம் ஒரு பவர் பேங்காக இருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரிவித்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைக் கொண்டு போனைச் சார்ஜ் செய்வதையும், பவர் பேங்கையே சார்ஜ் செய்வதையும் தடைசெய்தது. ஆகவே புறப்படுமுன் வீட்டிலேயே போன்களை நிறையச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

அளவுக்கும் வரம்பு உண்டு. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி. அதற்குமேல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். நாம் வழக்கமாய் வாங்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-மணிதான். அளவு அச்சிடாததும், எழுத்து அழிந்ததும், வயிறு உப்பியதுமான பழைய பவர் பேங்குகளை எடுத்துச் செல்லாதிருங்கள். கேமராவின் உதிரிப் பேட்டரிகளையும் கைப்பையிலேயே வைத்து, அவற்றின் முனைகளை டேப்பினால் மூடுங்கள்.

மூன்றாவது, மருந்து. இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் வைக்காதிருங்கள். சரக்கறையின் கடுங்குளிரில் அது உறைந்தால் பயனற்றுப்போகும். பெட்டி வந்துசேரத் தாமதித்தாலோ நிலைமை இன்னும் மோசம். மருத்துவரின் சீட்டோடும், மருந்தின் சொந்த அட்டைப் பெட்டியோடும் கைப்பையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றில் சிலவற்றுக்குச் சிங்கப்பூர் அரசின் முன் அனுமதி தேவை. சீட்டை முன்வைத்து ஒவ்வொரு மருந்தின் பெயரையும் அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கும்படி அங்குள்ள பிள்ளையிடம் சொல்லுங்கள். சமையலுக்கென்று கசகசாவை எடுத்துவைக்கும் தாய்மார்கள் அதை விட்டுவிடுவது நலம். அது போதைப்பொருள் சட்டத்தில் அகப்படும் பொருள். பிள்ளைகளின் சூயிங்கமும் அப்படியே. 1992 முதல் அங்கே அதன் இறக்குமதிக்குத் தடை உண்டு.

நான்காவது, போனுக்குள் இருக்கும் காகிதங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை, சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசு இணையதளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசினுடையதல்ல என்று அறிந்துகொள்ளுங்கள். தங்கும் அனுமதி பாஸ்போர்ட்டில் முத்திரையாக அல்ல, மின்னஞ்சலில் வரும். ஆகவே திறக்கத் தெரிந்த மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். வங்கியின் ஓ.டி.பி. வருவதற்காக இந்திய சிம் கார்டைக் கழற்றாமல், அதன் டேட்டா ரோமிங்கை மாத்திரம் நிறுத்திவையுங்கள். விசா, டிக்கெட், காப்பீடு ஆகியவற்றின் படங்களை, இணையம் இல்லாதபோதும் திறக்கும்படி குடும்பத்தில் இருவர் போன்களில் பதிந்துவையுங்கள்.

இவ்வளவு செய்தபின்பும் ஒரு காரியம் மீந்திருக்கிறது. கூட்டம் மிகுந்த இரயில் நிலையத்தில் எல்லாரும் ஏறி, தாய் மாத்திரம் நடைமேடையில் நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? அவர்களுக்குப் போனை இயக்கத் தெரியாதிருக்கலாம். தெரிந்தாலும் அதில் சார்ஜ் இல்லாதிருக்கலாம். ஆகையால் மகன் வீட்டு முகவரியையும், அவனுடைய உள்ளூர் போன் எண்ணையும், தாம் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும், ஆம்புலன்சுக்கு 995, போலீசுக்கு 999 என்பதையும் ஒரு தாளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். புறப்படும் நாளுக்கு முந்தின இரவே அதைத் தாயின் சுருக்குப்பையில் வைத்து, அது எதற்கென்று அவர்களுக்கு இரண்டுமுறை விளக்கிச் சொல்லுங்கள்.