விடத்தல்தீவில் முதுமைக்கு என்ன தேட்டம்?

தீவென்ற பெயரைத் தாங்கி நிற்பினும் விடத்தல்தீவு உண்மையில் தீவன்று. மன்னார்த் தீவுக்கு வடகிழக்கே, பெருநிலக் கரையிலே, ஆழமற்ற கடலுக்கும் பரந்த வயல் வெளிக்கும் இடையில் அமைந்த பழைய கடற்றொழிலூர் அது. விடத்தல் என்னும் முள்மரத்தாற் பெற்ற பெயர் என்பர். யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் 2011 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை ஆகிய ஊர்களினூடாக அவ்விடத்தை அடையலாம். கல்லூரி விடுமுறையொன்றில் நாமும் அவ்வழியே பயணமானோம். மாந்தை சென்று திருக்கேதீச்சரநாதனை வழிபடுதலே எமது நோக்கம். ஆயினும் வழியில் விடத்தல்தீவுக் கரையிலே கழித்த அரை நாளே எம் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

காலை எட்டு மணியளவில் படகுகள் ஒவ்வொன்றாகத் துறை சேர்ந்தன. வலைகளைக் கரையில் இழுத்துப் போட்டு, அவற்றிற் சிக்கிய நண்டுகளைக் கழற்றும் வேலை தொடங்கிற்று. கால் முறியாத நண்டுக்கே நல்ல விலை. ஆதலின் இவ்வேலைக்குப் பொறுமையும் பழகிய விரல்களும் வேண்டும். மர நிழலில் வட்டமாயிருந்து கழற்றியவர்களை எண்ணிப் பார்த்தோம். ஒன்பது பேரில் அறுவர் அறுபதைக் கடந்தோர் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர்களுள் இருவர் விடியுமுன் தாமே கடலுக்குச் சென்று மீண்டவர்கள்.

அவருள் மூத்தவரை அணுகி, "ஐயா, இந்த வயதிலும் கடலுக்குப் போகத்தான் வேண்டுமா?" என வினவினோம்.

அவர் கையிலிருந்த நண்டைக் கூடையில் இட்டுவிட்டு, "மாஸ்டர், உங்களுக்கு அறுபதில பென்சன். எங்களுக்குக் கை நடுங்கிற அண்டைக்குத்தான் பென்சன். அதுவும் சம்பளமில்லாத பென்சன்" என்றார்.

அருகிலிருந்தோர் நகைத்தனர். எமக்கோ நகைக்க இயலவில்லை. மாதந்தவறாது சம்பளமும், ஓய்வுபெற்றபின் அரச ஓய்வூதியமும் உறுதியாய் உள்ள ஆசிரியத் தொழிலினர் நாம். எமது முதுமைக்கு வேறொருவர் கணக்கு வைத்திருக்கிறார். அப்பெரியவரின் முதுமைக்குக் கணக்கு வைத்திருப்பவர் எவர்?

கடற்றொழிலாளிக்கு முன்னாளில் முதுமைத் தேட்டம் மூன்று வகையாய் இருந்தது. படகும் வலையும் ஒன்று. காணியும் வீடும் மற்றொன்று. தொழிலேற்கும் பிள்ளைகள் மூன்றாவது. இவ்வூரில் இம்மூன்றும் ஆட்டங்கண்டன. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களும் படகையும் வலையையும் வீட்டையும் விட்டுப் புறப்பட்டன. பலர் புத்தளப் பக்கத்தில் நீண்டகாலம் அகதிகளாய் வாழ்ந்தனர். 2008 ஆம் ஆண்டில் போர் இக்கரைக்கு வந்தபோது எஞ்சியிருந்தோரும் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு ஜூலையில் இராணுவம் ஊரைக் கைப்பற்றிற்று. மக்கள் மீளத் திரும்பியது போர் ஓய்ந்த பின்னரேயாம். 1990 இல் முப்பது வயதினராய் இருந்தவர் இன்று அறுபத்தைந்தை எட்டியவர். உழைத்துச் சேமிக்கவேண்டிய பருவம் முழுவதும் அவருக்கு இடப்பெயர்விலும் மீளக் கட்டுவதிலும் கழிந்தது. மூன்றாந் தேட்டமாகிய பிள்ளைகளுட் பலர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை தேடிச் சென்றுவிட்டனர்.

இஃது ஓரூரின் கதை மாத்திரமன்று. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 100 பேருக்கு 7 பேரளவினர். 2012 இல் அவர் தொகை 100 பேருக்கு 12 பேரையுந் தாண்டியது. அதன்பின்னரும் அது ஏறியே வருகின்றது. 1946 இல் இந்நாட்டவரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 43 ஆண்டுகள். இன்று எழுபத்தைந்துக்கு மேல். மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போன மன்னார்ப் பெருநிலத்திலும் இன்று அந்நோய் இல்லை; 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. நீண்ட ஆயுள் நாம் வேண்டிப் பெற்ற வரமே. ஆனால் அவ்வரத்துக்கு ஏற்ற சேமிப்பைத் தேடிக் கொண்டோமா என்பதே வினா.

முதியோர் பெருகி இளையோர் குறையும்போது வேலையும் கூலியும் மாறுவதை இத்துறையிலேயே காணலாம். இங்கு பெரும்பாலும் சம்பளமில்லை, பங்கே உண்டு. விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவு முதலிற் கழியும். எஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, தொழிலுக்குப் போனவர்களுக்கு ஒரு பங்கு. உடன்செல்ல இளைஞர் கிடைப்பது அரிதாகியமையால், வருபவர் கேட்கும் பங்கு கூடிவிட்டதென்றார் ஒரு படகுடையவர். கொடுக்க இயலாதவர் படகைக் கரையேற்றி வைக்கின்றார். அல்லது தம்மையொத்த முதியவர் ஒருவரைத் துணைசேர்த்துக் கொண்டு கிட்டிய கடலுக்குள் மாத்திரம் போய் வருகின்றார்.

ஓய்வுகாலச் சேமிப்புக்கு நாட்டிற் சட்டங்கள் இல்லாமலில்லை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்தவேண்டும். 2021 இல் வந்த சட்டம் தனியார்துறையில் ஓய்வு வயதை அறுபது வரை உயர்த்தியது. ஆனால் பங்குக்குத் தொழில்செய்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? எதில் 8 வீதத்தைக் கழிப்பது? 12 வீதத்தை எவர் செலுத்துவது? கருவாடு காயவைத்து விற்கும் விதவைத் தாய்க்கு ஓய்வு வயதை விதிப்பவர் எவர்?

இவ்விடைவெளியை அடைக்கவே 1987 இல் விவசாயிகளுக்கும் 1990 இல் கடற்றொழிலாளருக்கும் தனித்தனி ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நோக்கம் மிக நன்று. தொழிலாளி சிறுதொகை செலுத்திவந்தால் அறுபதாம் வயதிலிருந்து ஆயுள்வரை மாதப்பணம் பெறுவார் என்பதே திட்டம். ஆனால் செலுத்தியதோ சிறிது, வாக்களித்ததோ நெடுங்காலத்துக்கு; பெறுவோர் பெருகப் பெருக நிதி மெலிந்தது. விவசாயிகளின் திட்டம் 2012 ஆம் ஆண்டளவில் பணமின்றித் தடைப்பட்டு, பின்னர் அரசின் பணத்தினாலேயே மீண்டும் இயங்கியது. இதற்கிடையில் விலைவாசியும் சேமிப்பைத் தின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் ஓராண்டில் ஏறத்தாழ 70 வீதத்தால் உயர்ந்தன. மாதம் 1000 ரூபா என்பது ஒருகாலத்தில் ஒரு குடும்பத்தின் அரிசிக்குப் போதிய பணம். இன்று அது சில நாட் செலவுக்கும் காணாது.

வறிய முதியோருக்கு எழுபது வயதின்பின் அரசு வழங்கும் உதவிப்பணம் 2025 இல் மாதம் 5000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத் தக்கதே. ஆயினும் அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளே, கை தளர்ந்தும் வலையை விட இயலாத கொடிய பருவம். 1889 இல் ஜெர்மனியிலே பிஸ்மார்க் உலகின் முதலாவது அரச முதியோர் காப்புறுதியை ஏற்படுத்தியபோதும் வயதெல்லை எழுபதாகவே இருந்தது. அந்நாளில் உழைப்பாளருட் பெரும்பாலோர் அவ்வயதைக் காணவேயில்லை. அக்கணக்கு இந்நாளுக்குப் பொருந்துமா?

அப்படியாயின் வழி யாது? அது துறையடியிலேயே இருப்பதாக எமக்குப் படுகின்றது. வடபகுதிக் கரைகளிற் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெடுங்காலமாக இயங்குகின்றன. உறுப்பினரின் விற்பனைப் பணத்திற் சிறுவீதத்தைக் கழித்துச் சங்கத்துக்கும் உறுப்பினர் சேமிப்புக்குமாக வைக்கும் வழக்கம் அவற்றுக்குப் புதிதன்று. நண்டு நிறுக்கும் தராசடியிலேயே நாள்தோறும் சிறுதொகை கழியுமாயின், பாடு நன்றாயுள்ள நாளிற் கூடவும், வெறும்வலை இழுத்த நாளில் ஒன்றுமின்றியும் சேமிப்பு ஏறும். மாதந்தோறும் ஒரே தொகை கேட்கும் திட்டங்களைவிடக் கடலின் இயல்புக்கு இஃது ஏற்றது. அதற்கு அரசும் தன் பங்கைச் சேர்த்து, விலைவாசிக்கேற்ப உயர்த்தியும் வருமாயின், பங்குத் தொழிலாளிக்கும் ஒரு சேமலாப நிதி உண்டாகும். கரையிற் கருவாடு போடும் பெண்களையும் அதில் உறுப்பினராக்கல் வேண்டும்.

இன்னொரு தேட்டமும் அங்கே உண்டு. அதுவே கண்டலும் கடற்புல்லும் நிறைந்த அந்த ஆழமற்ற கடல். மீனும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் அத்தொட்டிலைக் காக்கவே 2016 இல் 29,180 ஹெக்டெயர் பரப்பு விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2024 இல் அதன் ஒரு பகுதியை நீரியல் வளர்ப்புக்காக விடுவிக்க வர்த்தமானி வெளியாகியதும், சூழலியலாளர் நீதிமன்றம் சென்றனர். அடிமடியை அரித்துச் செல்லும் இழுவைப் படகுத் தொழிலை 2017 இல் இலங்கைச் சட்டம் தடைசெய்துள்ளது. எனினும் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் இன்றும் வலைகளை அறுக்கின்றன. தொலைகடல் செல்லும் வலுவிழந்த முதியவருக்குக் கிட்டிய கடல் ஒன்றே கதி. ஆகவே கண்டலைக் காத்தல் என்பது பறவை காண வருவோருக்கான காரியம் மாத்திரமன்று. ஊரின் முதியோர் வைப்புப்பணத்தைக் காத்தலுமாகும்.

2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் சட்டம் பெற்றோரைப் புறக்கணித்தலாகாதெனப் பிள்ளைகளுக்கு விதித்துள்ளது. தூரதேசத்திலிருந்து பணமனுப்பும் பிள்ளைகள் உண்டு. தாமே அன்றாடங்காய்ச்சிகளாய்த் தவிக்கும் பிள்ளைகளும் உண்டு. எல்லாப் பாரத்தையும் அவர்தம் தோளில் ஏற்றிவிட்டுச் சமுதாயம் ஒதுங்கிவிடல் முறையாகாது. இன்று இருபது வயதில் வலையெடுக்கும் இளைஞனுக்கு அறுபது வர இன்னும் நாற்பது ஆண்டுகள் உள. தராசடிச் சேமிப்பு அவனளவிலேனும் இவ்வாண்டே தொடங்குமாயின், அவன் அறுபதில் மர நிழலில் அமர்வது ஓய்வுக்காக இருக்கும்.