மட்டாஞ்சேரி: மயிரிழையில் ஒரு ஞாயிறு

சுள்ளிக்கல் அருகே எதிரில் ஒரு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஒரு தனியார் பேருந்து வெளிப்பட்டது. முழு வேகம், முழு ஹாரன், எங்கள் பக்கத்துச் சாலை முழுவதும் அதற்கு.

நாங்கள் ஆறு பைக்குகளில் எட்டுப் பேர். முதலில் போனவர் இடதுபுறம் ஒடித்தார். அடுத்தவர்களும் ஒடித்தார்கள். ஐந்தாவது வண்டியில் என் தங்கையும் மாப்பிள்ளையும். முன்சக்கரம் சாக்கடைப் பலகையில் ஏறி நின்றது. பேருந்து அவர்களுடைய வலது கண்ணாடியைத் தட்டி மடக்கிவிட்டுப் போயிற்று. தங்கையின் முழங்காலுக்கும் அந்தத் தகரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோவையிலிருந்து சுமார் 190 கி.மீ. விடியலுக்கு முன்பே கிளம்பி, வாளையார் தாண்டி, 2021ல் திறந்த குதிரான் சுரங்கப் பாதை வழியாகச் சுகமாகவே வந்திருந்தோம். (பழைய குதிரான் ஏற்றத்தில் லாரிகளின் புகையைக் குடித்தவர்களுக்குத்தான் அந்தச் சுரங்கத்தின் அருமை தெரியும்.) நெடுஞ்சாலையில் ஒழுங்காக, ஒருவர் வலம் ஒருவர் இடமாக, முன்வண்டிக்கு இரண்டு விநாடி தள்ளியே ஓட்டினோம். தோப்பும்படி வந்ததும் புத்தி மாறியது. சந்துகளில் யாரும் தவறிவிடக் கூடாதே என்று ஒட்டி ஒட்டி வந்தோம். தப்பு பேருந்துக்காரருடையதுதான், ஆனால் ஒதுங்க இடமில்லாமல் செய்துகொண்டது நாங்கள்.

மாப்பிள்ளைக்கு ஆத்திரம். வண்டியைத் திருப்பி அந்த டிரைவரைப் பிடிக்க வேண்டுமென்றார். இரண்டு பேர் கிக்கரை உதைத்தே விட்டார்கள். அப்போது சைக்கிளில் இஸ்திரி போட்ட துணி மூட்டையுடன் நின்ற பெரியவர் தமிழில் பேசினார். டச்சுக்காரர்கள் காலத்தில் சலவைக்கென்று வந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர். ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் தோபிகானாவில் வேலை.

"அவனைப் பிடிச்சு என்ன தம்பி பண்ணப் போறீங்க? பின்னாடியே இன்னொருத்தன் வருவான், பாருங்க. நேரம் தப்பினா வசூல் அவனுக்குப் போயிடும். நீங்களும் கல்யாண ஊர்வலம் மாதிரி வந்தா எப்படி?"

சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த பேருந்து அதே வேகத்தில் கடந்தது.

கொச்சிக்கு இது பழைய வியாதி. ஒரே தடத்தில் பல முதலாளிகளின் பேருந்துகள், சில நிமிட இடைவெளி, வசூலைப் பொறுத்த படி. முன்னால் போகிறவனுக்கே பயணி. நகருக்குள் தனியார் பேருந்துகள் முந்துவதையும் ஹாரன் அடிப்பதையும் தடுக்கச் சொல்லி 2022ல் கேரள உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. அதே 2022ல் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

பைக்குகளை ஓரங்கட்டிப் பூட்டிவிட்டு நடந்தோம். மட்டாஞ்சேரி நடந்து பார்க்க வேண்டிய ஊர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பஜார் சாலைக் கிடங்குகளில் சுக்கும் மிளகும் மூக்கில் ஏறின. யூதத் தெருக் கோடியில் 1568ல் கட்டிய தொழுகைக்கூடம். தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள். பக்கத்தில் டச்சு அரண்மனை. பெயர்தான் டச்சு, 1555ல் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள், டச்சுக்காரர்கள் பின்னால் பழுதுபார்த்தவர்கள். உள்ளே ராமாயணச் சுவரோவியங்களின் முன்னால் தங்கை வெகுநேரம் நின்றாள். படம் பார்த்தாளா என்பது சந்தேகம். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மாலை திரும்பும்போது சுள்ளிக்கல் வழியே வேண்டாம் என்றாள். ஃபோர்ட் கொச்சியில் ரோ-ரோ படகில் வண்டிகளை ஏற்றி, சீன வலைகளைப் பார்த்துக்கொண்டே அழிமுகத்தைக் கடந்து வைப்பின் போனோம். நடுவழியில் மாப்பிள்ளை ஸ்பேனர் எடுத்துக் கண்ணாடியை நிமிர்த்தினார்.

அக்கரையில் இறங்கியதும், எர்ணாகுளம் போகும் தனியார் பேருந்து ஒன்று இன்ஜினை உறுமவிட்டபடி நின்றது. ஆறு வண்டிகளையும் ஓரமாக நிறுத்தி, அதை முதலில் போகவிட்டோம்.