நீங்க என்ன செஞ்சீங்க?

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக்கூடாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு இதற்கு விலக்கே வைக்கவில்லை. அதனால் இங்கே எவருடைய கதையும் வராது, உட்கார்ந்து கேட்கிற என் தொழில் மட்டும்தான் வரும்.

வருகிறவர்களில் பலர் முதலில் சொல்வது அடுத்தவர் பாவத்தை. “மகன் மதிக்கறதில்ல சாமி, மருமக வாய்க்கு வாய் பேசுறா.” இடைமறிக்கக் கூடாது. ஆற்றாமை கொஞ்சம் வடிய வேண்டும். பிறகு ஒரே கேள்வி: “சரிம்மா, நீங்க என்ன செஞ்சீங்க?” பாவசங்கீர்த்தனம் அங்கேதான் தொடங்குகிறது.

தவக்காலக் கடைசி வாரத்தில் வரிசை கோயில் வாசல்வரை நீளும். அதே குடி, அதே கோபம், அதே புறணி. புதிதாக ஒன்றும் இல்லையே என்று கூசுகிறவர்களும் உண்டு. (புதுப் பாவத்துக்கு எங்கே போவது!) திரும்பத் திரும்ப விழுகிறோமே, அப்படியானால் போன மன்னிப்பு பொய்தானா என்பதுதான் அவர்களை அரிக்கிற கேள்வி.

இதற்கு எனக்குக் கைகொடுப்பது 1546இல் திரெந்து பொதுச்சங்கம் சொன்ன போதனை. ஞானஸ்நானம் ஜென்மப் பாவத்தைப் போக்கிவிடுகிறது. ஆனால் பாவத்தின் பக்கம் இழுக்கிற நாட்டம் மனிதனிடம் தங்கிவிடுகிறது. அந்த நாட்டமே பாவமாகாது, அதற்கு மனம் இசைந்தால்தான் பாவம். லுத்தரோ அதற்கு முன்பே, அந்த நாட்டமே பாவம்தான் என்று சொல்லியிருந்தார். ஏட்டுச் சண்டை போலத் தோன்றும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தால் அப்படி இல்லை. “கோபம் வந்துச்சா, இல்ல கோபத்த வச்சு வளத்தீங்களா?” என்று பிரித்துக் கேட்க முடிகிறது. தன் சுபாவத்துக்காகவே தன்னை வெறுத்து வந்தவர், எதற்குத் தான் பொறுப்பு, எதற்கு இல்லை என்று அங்கே பார்க்கிறார்.

கேட்கிறவர் எவ்வளவு கண்டிப்பாக இருப்பது என்பது அடுத்த கேள்வி. வக்கீலாக இருந்து குருவான அல்போன்ஸ் லிகோரி, 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் இரு பக்கமும் போராட வேண்டியிருந்தது. பாவமன்னிப்பைத் தள்ளிப்போட்டே ஆட்களைத் துரத்தியவர்கள் ஒரு பக்கம், எதையும் கண்டுகொள்ளாதவர்கள் மறுபக்கம். 1950இல் அவரைப் பாவசங்கீர்த்தனம் கேட்போரின் பாதுகாவலராக அறிவித்தார்கள். பொருத்தம்தான்.

இரக்கம் என்றால் இளக்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பக்கத்து வயலின் வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டவர் வந்தால் பத்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்ப முடியாது. நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும், அங்கே பேரமே இல்லை. ஆனால் எல்லைக் கல்லைப் பழைய இடத்தில் நட்டுவிட்டு வா, அப்புறம் மன்னிக்கிறேன் என்றும் நான் சொல்வதில்லை. திருப்பித் தருகிறேன் என்று மனதாரச் சொன்னால் மன்னிப்பு அங்கேயே கிடைத்துவிடுகிறது. கல்லை நடுவது அதற்குப் பிறகு.